டாக்டர் ஹோமி பாபா

அணுசக்தியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் தேசத்தார் டாக்டர் ஹோமி பாபாவை நினைவுகூர்வது வழக்கம். அச்சக்தி விட்டுச்செல்லும் கழிவைப் பற்றிப் பேசும்போதும் அவர் சரித்திரத்தை நோக்குவது அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

1909ஆம் வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி பம்பாயில் பார்ஸி குடும்பமொன்றில் பிறந்த பாபா, கேம்பிரிட்ஜில் முதலில் யந்திர சாஸ்திரமும் பின்னர் பௌதிகமும் பயின்றார். 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை யுத்தம் இங்கேயே நிறுத்திவிட்டது. அது பாரதத்தின் பாக்கியமாயிற்று. 1945இல் டாடா ஆராய்ச்சி ஸ்தாபனத்தை அமைத்தார். 1948இல் அணுசக்திக் கமிஷனின் முதல் தலைவரானார்.

1955 ஜனவரியில் நமது ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் கூட்டிய அணுசக்தி மகாநாட்டுக்குப் பாபா தலைமை வகித்தார். வல்லரசுகள் பூட்டிவைத்திருந்த விஷயங்கள் பல அங்கே வெளிவந்தன. கழிவை அகற்றும் முறைகளும் ஆராயப்பட்டன. ஒரு நாடு கற்றதைப் பிற நாடுகளும் அறிய வேண்டுமென்ற நல்வழக்கம் அங்கே வேரூன்றியது.

அவர் முயற்சியால் டிராம்பேயில் 1956இல் அப்ஸரா உலை இயங்கிற்று. 1964இல் எரிந்த யுரேனியத்திலிருந்து புளுட்டோனியம் பிரிக்கும் ஆலையும் எழுந்தது. மிகக் கொடிய கழிவு அத்தொழிலில்தான் மிஞ்சுகிறது. பிற்காலத்தில் அதைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைக்கும் ஆலைகள் டிராம்பே, தாராப்பூர், நமது கல்பாக்கம் ஆகிய இடங்களில் அமைந்தன.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அவர் காலத்தில் உலையைக் கட்டுவோரும் அதைக் கண்காணிப்போரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். 1966 ஜனவரி 24ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் அவர் மாண்ட பின் பதினேழு ஆண்டுகள் சென்றே, 1983இல், கண்காணிப்புக்கெனத் தனி வாரியம் ஏற்பட்டது. கழிவை அகற்றுவதற்கான விதிகள் 1987இல் பிறந்தன.

விதி மட்டும் போதுமா? 2010இல் தில்லி சர்வகலாசாலையில் உபயோகமற்றுக் கிடந்த கோபால்ட் கருவியொன்று பழைய இரும்பாக விலைபோயிற்று. மாயாபுரிச் சந்தையில் அதைப் பிரித்ததால் ஓர் உயிர் போயிற்று. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தொழிற்சாலைகள், வைத்தியசாலைகள், பழைய இரும்புக் கடைகள் யாவும் அடுத்தடுத்தே இருக்கின்றன. வைத்தியத்துக்கு உதவும் அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும். கோபால்ட் பாதியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். எந்தக் கருவி எவர் வசம் உள்ளது, உபயோகம் தீர்ந்ததும் எங்கே திரும்பிற்று என்பதற்குக் கணக்கு வேண்டும். தில்லியில் கற்ற பாடம் நம் ஊர்க் கடைக்காரரையும் எட்ட வேண்டும். ஜெனீவாவில் பாபா தலைமை வகித்த காரியத்தின் சாரம் அதுவே.