பெயரை மறைத்த பெருவீரர்!

மாணவச் செல்வங்களே... டிவியில் மல்யுத்தப் போட்டி பார்த்திருப்பீர்கள். வெற்றி பெற்றவர், பளபளக்கும் அகலமான பெல்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அரங்கமே கைதட்டும். ஜப்பான் நாட்டில் அப்படி ஒரு பெல்ட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தொடங்கி வைத்தவர் ரிகிடோசான். அவரை ஜப்பான் மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினர். ஆனால், அவர் உண்மையில் யார் என்பது, கொண்டாடியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது!

கொரியாவில் பிறந்தவர்!

கொரியாவின் வடகிழக்கில் உள்ள தெற்கு ஹாம்கியோங் மாகாணத்தில், 1924 நவம்பர் 14ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கிம் சின் ராக். அந்தப் பகுதி இன்று வட கொரியாவில் இருக்கிறது. அவர் பிறந்தபோது கொரியா முழுவதும் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கொரிய மக்கள் ஜப்பானிய மொழியைக் கற்க வேண்டும். 1940ம் ஆண்டு முதல் ஜப்பானியப் பெயரையும் வைத்துக் கொள்ள வேண்டும் என்று நெருக்கடி கொடுத்தது அரசு.

கொரியாவில், 'சிரும்' என்ற பாரம்பரிய மல்யுத்தம் உண்டு. இடுப்பிலும் தொடையிலும் கட்டிய துணியைப் பிடித்து, எதிராளியை மணலில் வீழ்த்தும் விளையாட்டு அது. சிறுவன் கிம் அதில் கெட்டிக்காரன். அவனுடைய உடல் வலிமையைக் கண்ட ஜப்பானியர் சிலர், சுமோ மல்யுத்தம் பழக ஜப்பானுக்கு அழைத்துச் சென்றனர்.

கிம், 1940ல் சுமோ அரங்கில் இறங்கினார். அங்கே அவருக்குச் சூட்டிய பெயர் தான் ரிகிடோசான். வலிமை, வழி, மலை என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்த பெயர் அது.

ஆரம்பத்தில் வீரர்கள் பட்டியலில், அவரது ஊர் கொரியா என்றே இருந்தது. பின், அது ஜப்பானின் நாகசாகி பகுதி என்று மாறியது. கொரியர்களைத் தாழ்வாக நடத்திய காலம் அது. ஊர் மாறியது, பெயர் மாறியது, கிம் சின் ராக் என்ற சிறுவன் மெல்ல மெல்ல மறைந்து போனான்.

குடுமியை அறுத்தார்!

சுமோவில் மிக உயர்ந்த நிலை யோகோசுனா. அடுத்தது ஓசெகி. மூன்றாவது செகிவாகே. அந்த மூன்றாம் நிலையை, 1949ல் எட்டி விட்டார் ரிகிடோசான். இன்னும் இரண்டே படிகள் தான். ஆனால் மறு ஆண்டே, தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு, சுமோவை விட்டு வெளியேறினார். சுமோ வீரருக்குக் குடுமி தான் அடையாளம். அதை அறுத்தால் திரும்பிப் போக வழியில்லை.

பிறகு, கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1951ல் அமெரிக்க மல்யுத்த வீரர்கள் சிலர் ஜப்பானுக்கு வந்தனர். அவர்களிடம் புதிய வகை மல்யுத்தத்தைப் பழகி, அந்த ஆண்டு அக்டோபரிலேயே முதல் போட்டியில் மோதினார். மறு ஆண்டு ஹவாய்த் தீவுக்குப் போய்க் கடுமையான பயிற்சி எடுத்தார். நாடு திரும்பியதும், 1953ல், ஜப்பானுக்கென்று ஒரு தொழில்முறை மல்யுத்த அமைப்பைத் தொடங்கினார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில், யார் வெல்வது என்பதைப் பெரும்பாலும் முன்பே பேசி முடிவு செய்து விடுவர். அது பாதி விளையாட்டு, பாதி நாடகம். ஆனால் கீழே விழுவதும், அடி வாங்குவதும், வலியும் நிஜம். பல ஆண்டு பயிற்சி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஆகவே, யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது!

தெருவில் கூடிய கூட்டம்!

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றது, 1945ல். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டால் அழிந்தன. 1952 வரை அமெரிக்கப் படையினர் நாட்டை ஆண்டனர். மக்கள் மனம் சோர்ந்து கிடந்தனர்.

டிவி ஒளிபரப்பு 1953ல் தொடங்கியது. ஆனால், சாதாரணக் குடும்பம் டிவி வாங்க முடியாத அளவுக்கு விலை அதிகம். அதனால், ஒளிபரப்பு நிறுவனத்தார் ரயில் நிலைய வாசல்களிலும் பூங்காக்களிலும் டிவி பெட்டிகளை வைத்தனர்.

1954 பிப்ரவரி 19ல், டோக்கியோவில் ஒரு போட்டி நடந்தது. ரிகிடோசானும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் ஒரு பக்கம். ஆறரை அடி உயரமுள்ள ஷார்ப் சகோதரர்கள் மறுபக்கம். ஷிம்பாஷி ரயில் நிலையத்தின் முன் இருந்த டிவியைப் பார்க்க, ஏறத்தாழ, 20 ஆயிரம் பேர் கூடி விட்டனர்!

ரிகிடோசான் கையை விரித்து, உள்ளங்கையின் ஓரத்தால் எதிராளியின் மார்பில் வெட்டுவது போல் ஓங்கி அடிப்பார். கராத்தே வெட்டு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ராட்சத அமெரிக்கர்களை நம்மவர் வீழ்த்துகிறார் என்று பெரியவர்கள் கண் கலங்கினர்.

வேடிக்கை என்ன தெரியுமா? ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கர்களே அல்ல, கனடா நாட்டுக்காரர்கள். நம்மவர் என்று மக்கள் கொண்டாடிய ரிகிடோசானோ கொரியாவில் பிறந்தவர். மேடையில் இருந்த நால்வரில், ஜப்பானில் பிறந்தவர் கிமுரா ஒருவர் தான்!

பெல்ட் வந்த கதை!

அதே ஆண்டு டிசம்பரில், அந்தக் கிமுராவுடனே மோதி, ஜப்பான் ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றார் ரிகிடோசான். போட்டியைச் சமமாக முடிக்கப் பேசியிருந்ததாகவும், ரிகிடோசான் அதை மீறி அடித்ததாகவும் கிமுரா பின்னாளில் குறை சொன்னார்.

உலக சாம்பியனாக இருந்த அமெரிக்கர் லூ தெஸ், 1957 அக்டோபரில் டோக்கியோ வந்தார். அவருடன் ரிகிடோசான் ஒரு மணி நேரம் மோதினார். வெற்றி தோல்வி இல்லை. டிவி பார்த்தவர்களில், 100க்கு 87 பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கு. மறு ஆண்டு ஆகஸ்ட் 27ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அதே லூ தெசை வென்று, என்.டபிள்யூ.ஏ., சர்வதேச ஹெவிவெயிட் பட்டத்தை ஜப்பானுக்குக் கொண்டு வந்தார். சாகும் வரை அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது.

புகழ் வந்தது, பணம் வந்தது, ஷிபுயா பகுதியில் சொந்த விளையாட்டு அரங்கமும் எழுந்தது. ஆனாலும், அவரிடம் குறைகள் இருந்தன. முன்கோபக்காரர், மது அருந்துவார், சீடர்களைக் கடுமையாக அடிப்பார். பிறந்த ஊரைப் பற்றி மட்டும் வெளியே பேச மாட்டார். 1963 ஜனவரியில் தென் கொரியா சென்றார். அங்கே நல்ல வரவேற்பு. ஆனால், அந்தச் செய்தி ஜப்பானில் பரவுவதை அவர் விரும்பவில்லை. அவர் பிறந்த ஊரோ, பிரிந்து போன வட கொரியாவில் இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 8 இரவு, டோக்கியோவில் ஒரு கேளிக்கை விடுதியில் நடந்த தகராறில், ரவுடி ஒருவன் அவரைக் கத்தியால் குத்தி விட்டான். மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தும், டிசம்பர் 15ல் ரிகிடோசான் இறந்தார். வயது 39 தான்.

பட்டத்தின் பயணம்!

ரிகிடோசான் வளர்த்த சீடர்களில் மூவர் பெரும் புகழ் பெற்றனர். பேஸ்பால் விளையாடிக் கொண்டிருந்த ஜயன்ட் பாபா; குடும்பத்துடன் பிரேசிலில் குடியேறி, காபித் தோட்டத்தில் உழைத்த அன்டோனியோ இனோகி; கொரியாவிலிருந்து ரிகிடோசானைத் தேடி வந்த கிம் இல். அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் வந்ததால் பிடிபட்ட கிம் இல்லுக்கு, ரிகிடோசானே பொறுப்பேற்றுச் சேர்த்துக் கொண்டார்.

குருவுக்குப் பின் காலியாக இருந்த சர்வதேசப் பட்டத்தை, 1965ல் ஒசாகா நகரில் பாபா வென்றார். 1972ல் அது கிம் இல்லிடம் வந்தது. ஜப்பானில் அவரை கின்டாரோ ஓகி என்று அழைத்தனர். தாய்நாட்டிலோ, கிம் இல் என்ற சொந்தப் பெயரிலேயே அவர் மக்களின் நாயகனாக இருந்தார். குருவுக்குக் கிடைக்காத பேறு, சீடனுக்குக் கிடைத்தது.

கடைசியில், 1989 ஏப்ரல் 18ல், ஜம்போ சுருதா என்ற வீரர் இந்தப் பட்டத்தையும், வேறு இரண்டு பட்டங்களையும் ஒன்றாக இணைத்தார். அதற்கு மும்முடிப் பட்டம் என்று பெயர். 2013 வரை, சாம்பியனானவர் மூன்று பெல்ட்களையும் சேர்த்தே சுமந்தார். அதில் ஒன்று, ரிகிடோசான் பெற்ற பட்டத்தின் வழி வந்தது.

அவர் கொரியர் என்பது, இறந்து பல ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரிந்தது. அதனால் அவர் மீதிருந்த அன்பு குறையவில்லை. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காலத்து மக்கள் ஏற்றிருப்பார்களா? அந்த அச்சம் தான் அத்தனை பெரிய வீரரின் வாயைக் கட்டிப் போட்டது.

மாணவச் செல்வங்களே... உங்கள் வகுப்பிலும் வேறு ஊரிலிருந்தோ, வேறு மொழி பேசும் வீட்டிலிருந்தோ வந்த பிள்ளை இருக்கலாம். தன் ஊரையும் பெயரையும் தயங்காமல் சொல்ல, அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். அதற்கு பெல்ட் எதுவும் கிடைக்காது. ஆனால், ரிகிடோசான் வாழ்நாள் முழுவதும் ஏங்கியிருக்கக் கூடியது அதுதான்.