கிட்டாரின் ‘உம்ம்ம்’ சத்தத்தை அடக்கிய சேத் லவர்

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் சொருகியதுமே, கம்பியைத் தொடாதபோதும் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். பக்கத்தில் டியூப்லைட் எரிந்தால் இன்னும் மோசம். 1950-களில் மேடைக் கலைஞர்களுக்கு இது பெரிய தலைவலி. அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் சேத் லவர்.

1910-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர். கலமசூ நகரில் இருந்த கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை, நடுவில் கடற்படை, 1952-ல் மறுபடியும் கிப்சன்.

கோளாறு பிக்கப்பில் இருந்தது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆனால் அதே சுருள், ஆன்டெனா மாதிரி, அறையில் உள்ள மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது விநாடிக்கு 60 முறை துடிக்கும், இந்தியாவில் 50 முறை. காதில் விழும் ‘உம்ம்ம்’ அதுதான்.

லவர் ஒன்றுக்கு இரண்டு சுருள்களை வைத்து, எதிரெதிராக இணைத்தார். இரண்டிலும் ஒரே அளவில் நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்போ பாட்டும் சேர்ந்து காணாமப் போயிடுமே? அதுக்குத்தான் காந்தத்தின் வடதுருவம் ஒரு சுருளுக்கு, தென்துருவம் அடுத்ததுக்கு. இரண்டு முறை தலைகீழானால் பழையபடி நேராகிவிடும் அல்லவா? கம்பியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். ஆம்ப்களில் ஏற்கெனவே இருந்த உத்திதான் இது. அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிரெட்ச் கம்பெனிக்காக இதையே செய்துகொண்டிருந்தார்.

எர்த் சரியில்லாத பிளக், பழுதான கேபிள் தரும் சத்தத்தை இது போக்காது. ஒலியின் கூர்மையும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்தக் கனமான ஒலியே பிற்பாடு ராக் இசைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது.

1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம். 1957-ல் லெஸ் பால் கிட்டார்களில் ‘ஹம்பக்கர்’ ஏறிவிட்டது. உரிமை கிடைத்ததோ 1959-ல். ஆரம்ப வருடங்களில் பிக்கப்பின் அடியில் காப்புரிமை கோரப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர். அதன் முதலெழுத்துகளால் ‘பி.ஏ.எஃப்’ என்று பெயர் பெற்ற அந்தப் பழைய பிக்கப்களுக்கு இன்று கிராக்கி அதிகம். பிறகு ஸ்டிக்கரில் எண் அச்சானது. அதுவும் லவரின் எண் இல்லை. லெஸ் பாலின் வேறொரு காப்புரிமை எண். போட்டியாளர்களைக் குழப்பவா, வெறும் பிழையா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

1967-ல் போட்டிக் கம்பெனியான ஃபெண்டருக்குப் போய், அவர்களுக்கும் ஒரு ஹம்பக்கர் வடிவமைத்தார். 1997-ல் காலமானார். அதற்குச் சில வருடங்கள் முன்புதான், சீமோர் டங்கன் கம்பெனி அவரோடு சேர்ந்து பழைய வடிவத்தைத் திரும்பச் செய்து, சேத் லவர் என்றே பெயர் வைத்து விற்பனைக்கு விட்டது.