மூவரும் நானா?

தாமஸ் ரீட் 1710-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தாமும் பாதிரியாராகப் பணியாற்றியபின், அபர்தீனில் தத்துவம் கற்பித்தார். 1764-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆடம் ஸ்மித் வகித்த பேராசிரியர் பதவியை ஏற்றார்.

மனம் என்பது மூளையின் அமைப்பால் விளைவதே என்று அந்நாளில் ஜோசப் பிரீஸ்ட்லி வாதிட்டார். அது உண்மையானால் என்ன நேரும் என்று ரீட் சிந்தித்தார். தமது மூளை சிதைந்து பல நூற்றாண்டுகள் சென்றபின், அதே பொருள்களால் அறிவுள்ள ஓர் உயிர் ஆக்கப்பட்டால் அது தாமே ஆகுமா? அவற்றிலிருந்து இருவரோ மூவரோ தோன்றினால், அனைவரும் அவரே ஆவார்களா? பலர் எங்ஙனம் ஒருவராக இருக்க இயலும்? இவ்வினாக்களை 1775-இல் தம் நண்பர் கேம்ஸ் பிரபுவுக்கு எழுதினார்.

நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்ற ஜான் லாக்கின் கருத்தையும் அவர் ஏற்கவில்லை. நினைவு வெறும் சான்றே. எண்ணங்களும் செயல்களும் கணந்தோறும் மாறுகின்றன. எண்ணுபவனும் செய்பவனும் ஆகிய 'நான்' மாறுவதில்லை, கூறுபடுவதும் இல்லை என்று 1785-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். அந்த 'நான்' நிலையாக இல்லையெனில், நேற்றைய கடனுக்கும் குற்றத்திற்கும் இன்று பொறுப்பேற்பவர் யார்?

ரீடின் ஒன்பது குழந்தைகளுள் ஒரு மகள் மட்டுமே அவருக்குப்பின் எஞ்சினார். 1792-இல் மனைவியும் மறைந்தார். 1796-இல் ரீட் காலமானார். ஒருவரின் இடத்தை அவரை ஒத்த மற்றொருவர் நிரப்ப இயலாது என்பது அவருக்கு ஏட்டறிவு மட்டுமன்று.