ஆசிரியர் ஸ்டௌடிங்கர்

மோட்டார் வண்டியின் டயர் ஏன் கறுப்பாயிருக்கிறது என்று கேட்பவர் நம்மிற் சிலரே. மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பருக்கு இயற்கையில் அந்நிறமில்லை. நூறு பங்கு ரப்பருக்கு ஏறக்குறைய ஐம்பது பங்கு நுண்ணிய புகைக்கரியைச் சேர்த்துப் பிசைந்து, கந்தகமும் கூட்டிச் சூடேற்றிய பின்னரே, கல்லிலும் மண்ணிலும் எளிதில் தேயாது ஓடும் வன்மை அதற்கு வாய்க்கிறது. கந்தகத்தின் குணத்தை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். புகைக்கரியின் குணம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தெரியவந்தது. தொழிலாளர் கைகள் அறிந்த இவ்விரண்டின் காரணத்தையும் அறிஞர்கள் நெடுங்காலம் அறிந்தாரில்லை. கந்தகம் எதை எதனோடு கட்டுகிறது, கரி எதைப் பற்றிக்கொள்கிறது என்று சொல்ல வேண்டுமாயின், ரப்பர் என்பது யாது என்று முதலில் தெரியவேண்டுமன்றோ? மலேயாவிலும் இலங்கையிலும் தமிழ்த் தொழிலாளர்கள் அதிகாலையில் எழுந்து மரங்களைக் கீறிப் பாலெடுத்து வந்த அந்நாட்களில், அப்பால் தரும் பொருள் இன்னதென்பதைக் குறித்து ஐரோப்பிய ரஸாயன சாஸ்திரிகளிடையே பெரியதொரு வழக்கு நடந்தது. அவ்வழக்கில் ஏறக்குறையத் தனித்து நின்று வென்றவர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர். அவருடைய வாழ்க்கை ரஸாயன சாஸ்திரிகளுக்கு மட்டும் உரியதன்று. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கது என்பது நம் துணிபு.

ஸ்டௌடிங்கர் 1881-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ஆம் தேதி, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பிரான்ஸ் ஸ்டௌடிங்கர் பள்ளி ஆசிரியர். தத்துவ சாஸ்திரத்தில் வல்லவர். கூட்டுறவு இயக்கத்தில் ஊக்கங் கொண்டவர். மகனுக்குத் தாவர சாஸ்திரத்திலேயே நாட்டம். தாவரங்களை அறிய வேண்டுமாயின் ரஸாயனம் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அறிவுரையை ஏற்று அதைப் பயிலச் சென்றவர், அதிலேயே தங்கிவிட்டார். 1903-ல் ஹாலே சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்ட்ராஸ்பர்க்கில் கீட்டீன் என்னும் புதியதொரு பொருள் வகுப்பைக் கண்டுபிடித்தார். கார்ல்ஸ்ரூஹேயில் ஆசிரியரானபோது, ரப்பரின் அடிப்படைத் துணுக்காகிய ஐஸோப்ரீனைத் தயாரிக்கும் முறையை ஆராய்ந்தார். 1912-ல் ஜூரிச் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்ப உயர்கல்விச்சாலை அவரை அழைத்துக்கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது 31. எதிர்ப்பைத் தேடாமல் இருந்த வழியிலேயே சென்றிருப்பாராயின் பட்டமும் பதவியும் தாமே வந்திருக்கும்.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. ஜெர்மனியின் விஞ்ஞானிகளிற் பலர் வெற்றிக் கோஷத்தில் கலந்தனர். ஸ்டௌடிங்கரோ நடுநிலை நாடாகிய ஸ்விட்ஜர்லாந்திலிருந்து கணக்குப் போட்டார். 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், இரு தரப்பாரின் இயந்திர பலத்தையும் தொழில் பலத்தையும் ஒப்பிட்டு, ஜெர்மனி இனி வெல்ல இயலாது, சமாதானத்தை நாடுவதே அறிவுடைமை என்று எழுதினார். விஷவாயு யுத்தத்தையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் தலைவராயிருந்த மகா ரஸாயனியாகிய பிரிட்ஸ் ஹேபர், தாய்நாட்டின் இக்கட்டான வேளையில் அதற்குத் தீங்கிழைத்தார் என்று ஸ்டௌடிங்கர்மீது குற்றஞ் சாட்டினார். எண்களைச் சொன்னவர் தேசத்துரோகி. எண்களை மறைத்தவர் தேசபக்தர்! இவ்விபரீதம் எந்த நாட்டிற்கும் புதியதன்று.

நிற்க. யுத்தம் முடிந்தபின் அவர் தொடுத்த இரண்டாவது வழக்கைப் பார்ப்போம். ரப்பர், பஞ்சின் ஸெல்லுலோஸ், புரதம் முதலியன யாவும் சிறுசிறு மூலக்கூறுகள் ஒருவித பலவீனமான கவர்ச்சியால் குவிந்து நிற்பவை என்பது அக்கால அறிஞரிற் பெரும்பாலோர் கொள்கை. ரப்பரைச் சிறு வளையங்களின் குவியல் என்று ஜெர்மன் பேரறிஞர் ஹாரீஸ் கூறியிருந்தார். ஸ்டௌடிங்கர் 1920-ல் இதை மறுத்து எழுதினார். சாதாரண ரஸாயனப் பிணைப்பினாலேயே ஆயிரக்கணக்கான துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட சங்கிலியாகின்றன; ரப்பரின் மூலக்கூறு அச்சங்கிலியே என்பது அவர் கட்சி. 1922-ல் இதற்கு மாக்ரோமாலிக்யூல், அதாவது பெருமூலக்கூறு என்று பெயரிட்டார்.

அவர் கொணர்ந்த சாட்சியத்தின் அழகை ரஸாயனம் பயிலாதவரும் உணரலாம். குவியலைப் பிடித்து வைத்திருப்பது ரப்பரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளின் கவர்ச்சியே என்று எதிர்க்கட்சியார் கூறினர். அவ்வாறாயின், ஹைட்ரஜனைச் செலுத்தி அவ்விரட்டைப் பிணைப்புகளைத் தீர்த்துவிட்டால் குவியல் சிதற வேண்டும். காய்ச்சி வடிக்கக்கூடிய சிறுபொருள் கிடைக்க வேண்டும். ஸ்டௌடிங்கர் தம் மாணாக்கர் ஒருவருடன் அதைச் செய்து பார்த்தார். குவியல் சிதறவில்லை. ஹைட்ரஜனேறிய ரப்பர் முன்போலவே வடிக்க வாராததாய், கரைத்தாற் குழம்பாவதாய் நின்றது. எதிரியின் வாக்கையே எடுத்து எதிரியை மடக்கும் குறுக்கு விசாரணையில் இதினும் சிறந்ததை நியாயஸ்தலத்திற் காண்பதரிது.

எனினும் தீர்ப்பு எளிதில் வரவில்லை. எக்ஸ்ரே கதிரால் பளிங்குகளை அளந்தவர்கள், அவற்றின் சிற்றறையினும் மூலக்கூறு பெரிதாயிருத்தல் கூடாது என்றனர். நண்பராகிய வீலாண்ட், பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தைக் கைவிட்டு ரப்பரை நன்றாகச் சுத்தி செய்யுமாறும், அப்பொழுது அது பளிங்காகித் தன் சிறுமையைக் காட்டும் என்றும் புத்தி கூறினார். ஸ்டௌடிங்கர் கீட்டீனின் புகழை விட்டு இந்தப் பிசின்களின் பின் சென்றதைப் பலரும் பரிகசித்தனர். 1926-ல் டுஸ்ஸல்டார்ப் நகரில் அறிஞர் மகாசபையின் முன் வாதம் நடந்தது. அவ்வருஷமே வீலாண்ட் விட்டுச்சென்ற ஆசனத்தில் பிரைபர்க் சர்வகலாசாலையில் அமர்ந்தார். பாலிஸ்டைரீன் முதலிய செயற்கைப் பொருள்களை மாதிரியாகக் கொண்டு, குழம்பின் கனத்தால் சங்கிலியின் நீளத்தை அளக்கும் முறையை வகுத்தார். ஸ்வீடனில் ஸ்வெட்பெர்க் என்பார் அதிவேகச் சுழற்சி இயந்திரத்தால் புரதங்களை நிறுத்ததும், அமெரிக்காவில் கரோதர்ஸ் என்பார் சங்கிலிகளை வேண்டியவாறு கட்டி 1935-ல் நைலானை ஆக்கியதும் அவர் கட்சிக்குப் பலமாயின. தாவர சாஸ்திரியான மனைவியார் மாக்டாவும் ஆராய்ச்சியில் துணைநின்றார்.

அவர் கூறிய யாவும் சரியென்று நாம் சாதிக்க வரவில்லை. சங்கிலி விறைத்த குச்சியைப் போன்றது என்று அவர் கருதினார். உண்மையில் அது வளைந்து சுருளும் இயல்புடையதென்று கூன், மார்க் முதலியோர் காட்டினர். பிறர் பிடிவாதத்தை வென்றவரிடமும் ஒரு பிடிவாதம் இருந்தது. ரப்பர் இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் அச்சுருளின் குணமே. கந்தகம் பக்கத்துச் சங்கிலிகளிடையே பாலம் அமைக்கிறது. புகைக்கரியின் துகள்களைச் சங்கிலிகள் பற்றிக்கொண்டு துகளுக்குத் துகள் இணைந்த வலைபோலாகின்றன. சங்கிலி உண்டு என்று அவர் நிலைநாட்டியிராவிடில், பின்வந்தோர் இவற்றை விளக்கியிருக்க முடியாது.

1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. பிரைபர்க் சர்வகலாசாலையின் தலைவரான தத்துவப் பேராசிரியர் ஹைடெக்கர், ஸ்டௌடிங்கரின் பழைய யுத்த எதிர்ப்பைத் தோண்டியெடுத்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். ரகசியப் போலீஸார் விசாரித்தனர். 1934-ல் ஹைடெக்கர் அவரைப் பதவியிலிருந்து நீக்குமாறு எழுதினார். ஸ்டௌடிங்கரிடம் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வாங்கி, அதைத் தலைக்குமேல் தொங்கும் கத்தியாக அதிகாரிகள் வைத்துக்கொண்டனர். சில மாதங்களின் பின் அது கைவிடப்பட்டது. இடையில் ரஸாயனம் ஜெர்மானிய மக்களுக்கு ஆற்றும் தொண்டைப் புகழ்ந்து அவர் கட்டுரை எழுதினார். 1917-ல் நிமிர்ந்து நின்றவர் 1934-ல் தலைகுனிந்தார் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. சுதந்திரமுள்ள ஜூரிச்சில் உண்மை பேசுவது ஒன்று. சர்வாதிகாரியின் கைப்பிடியில் பேசுவது மற்றொன்று. அவரைப் பழிப்பதற்குமுன், பேச்சுரிமையற்ற நாட்டில் பெரியோரும் எந்நிலைக்கு ஆளாவர் என்பதைச் சிந்திப்பதே தகும். அவரைத் துரோகி என்ற ஹேபருக்கு நேர்ந்ததென்ன? யூத குலத்திற் பிறந்தவராதலால் அவரும் 1933-ல் பதவி துறந்து தாய்நாட்டை விட்டு வெளியேறி, மறுவருஷமே ஸ்விட்ஜர்லாந்தில் மாண்டார். அவருடைய யுத்த சேவை அவரைக் காக்கவில்லை.

1944 நவம்பரில் விமானத் தாக்குதலில் பிரைபர்க் ஆராய்ச்சி நிலையம் அழிந்தது. ஸ்டௌடிங்கர் மனந்தளராது மீண்டும் தொடங்கினார். 1953-ல், தமது 72-ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். முதற்கட்டுரை வெளிவந்து 33 வருஷங்கள் கழிந்திருந்தன. 1965 செப்டம்பர் 8-ஆம் தேதி பிரைபர்க்கில் காலமானார்.

பெரும்பான்மையோர் கூறுவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஒருவர் மட்டும் கூறுவதாலும் ஆகிவிடாது. ஸ்டௌடிங்கர் தனித்து நின்றதால் வென்றாரில்லை. எதிர்க்கட்சியின் ஒவ்வொரு வாதத்தையும் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததால் வென்றார். தேச காரியங்களிலும் நமக்கு வேண்டியது இதுவே. விரும்பாத எண்ணைக் கொண்டுவருபவனைத் துரோகி என்று விரட்டும் தேசம் யுத்தத்தையும் இழக்கும், மானத்தையும் இழக்கும். அவன் கணக்கைச் சரிபார்ப்பது தேசத்தொண்டு. அவன் வாயை அடைப்பது தேசத்திற்குச் செய்யும் தீங்கு என்பது நம் அபிப்பிராயம்.