எட்டு நாள் சைக்கிளை விட்டிறங்காத ஆழிக்குமரன்

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன் சில்லுக்கு மட்டும் சொக் அப்சோபர் உள்ள வகை. வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கும் அதற்கு அப்பாலும் செய்தி சேகரிக்க அதில்தான் போய் வந்தேன். முதல் வாரமே இடுப்பு விட்டுப்போனது. இரண்டு கைகளிலும் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போயின. அந்த வலியோடுதான் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் நினைவு வந்தது.

வி.எஸ். குமார் ஆனந்தன். எங்கள் ஊரில் ஆழிக்குமரன் ஆனந்தன் என்றால்தான் தெரியும். 1943இல் பிறந்தவர், தொழிலால் சட்டத்தரணி. கடலை நம்பி வாழ்ந்த ஊர் இது. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் எங்கள் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போயிருக்கிறது. 1954இல் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆனந்தன் இந்தியக் கரைக்கு நீந்திப் போய், மீண்டும் இலங்கைக்கு நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணித்தியாலம்.

நீச்சலோடு அவர் நிற்கவில்லை. 128 மணித்தியாலம் ருவிஸ்ட் நடனம் ஆடினார். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் அவருடைய பெயர் பல பக்கங்களில் வந்தது. அவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது சைக்கிள் சாதனை. 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலமும் 28 நிமிடமும் ஓடினார். ஏழு நாட்களும் பத்தொன்பதரை மணித்தியாலமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று மெதுவாக ஓடியிருந்தாலும், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இரண்டு தடவைக்கு மேல் போய்வந்த தூரம் அது. மாற்றமில்லாத ஒரே வட்டத்தில், வெயிலிலும் இரவிலும்.

சைக்கிளில் நீண்ட நேரம் இருப்பவருக்கு முதலில் களைப்பது கால் அல்ல. உடம்பின் பாரம் இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில் இறங்குகிறது. ஹாண்டிலை அழுத்தும் உள்ளங்கையில் ஒரு நரம்பு நசிகிறது. விரல் மரப்பது அதனால்தான். என் சைக்கிளின் பின்பக்கத்துக்குச் சொக் கிடையாது. பின் சில்லு விழும் ஒவ்வொரு குழியும் நேரே சீற்றுக்கு வரும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினேன். பஞ்சு கூடிய சீற்றைக் கழற்றிவிட்டேன். அது மெத்தென்றிருந்தாலும் அரைமணிக்குப் பிறகு அமிழ்ந்து, எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைத் தசைக்குக் கொடுத்துவிடும். இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்தும் கெட்டியான சீற் போட்டேன். பெடல் கீழே நிற்கும்போது குதிக்கால் அதில் பட்டு முழங்கால் நேராகும் அளவுக்குச் சீற்றை உயர்த்தினேன். முள்ளு ரயருக்குப் பதில் தார் ரோட்டுக்கேற்ற வழுவழுப்பான அகல ரயர். காற்றைக் கல்லுப்போல இறுக்காமல் ஓரளவு குறைத்து அடித்தேன். ஹாண்டில் நுனிகளில் கொம்புபோல இரண்டு பிடிகளைப் பூட்டியதால் கையை இடம் மாற்றி வைக்க முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இடுப்புக்கு ஓய்வு கொடுக்கப் பழகினேன். இப்போது நாளுக்கு அறுபது கிலோமீற்றர் போய்வர முடிகிறது. ஆனந்தன் எட்டு நாளில் என்ன தாங்கியிருப்பார் என்று அப்போதுதான் என் உடம்புக்கு விளங்கியது.

அவர் சுற்றிய பூங்கா தலைநகரின் நடுவில் இருக்கிறது. ஒரு வல்வெட்டித்துறைத் தமிழன் எட்டு நாள் இரவு பகலாக அங்கே ஓடினான். இரண்டு மாதத்தில், யூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981இல் யாழ். நூலகம் எரிந்தது. 1983 யூலையில் அதே கொழும்பில் தமிழருடைய வீடுகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஆனந்தன் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பு அங்கே கிடையாது, குளிர் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். 1984 ஓகஸ்ட் 6 அன்று அந்த முயற்சியிலேயே இறந்தார். வயது 41.

அதன் பிறகு எங்களுக்கு வந்த சைக்கிள் பயணங்களை எந்தப் புத்தகமும் எண்ணவில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லை. நோயாளியும் விறகும் பிரேதமும்கூட சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் புறப்பட்டபோது நான் சின்னப்பிள்ளை. அப்பா சைக்கிள் பாரில் துவாயை இரண்டு மடிப்பாகச் சுற்றி என்னை இருத்தினார். கரியரில் அரிசியும் பாயும். நாவற்குழிப் பக்கம் சனநெரிசலில் மிதிக்க வழியில்லை, விடியும்வரை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு கொடிகாமம் வழியாக அம்மாவின் ஊரான வல்வெட்டித்துறைக்கு வந்து சேர்ந்தோம். எனக்குத் தொடை வலித்தது நினைவிருக்கிறது. அப்பாவின் கை மரத்திருக்குமா என்று அன்று நான் கேட்கவில்லை.

போன மாதம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு கையிலும் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு என் சைக்கிளின் பின் ரயரை அமுக்கிப் பார்த்து, காற்று இன்னும் கொஞ்சம் குறையலாம் என்றார்.

ஊர்க் கடற்கரையில் ஆனந்தனின் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. காலையில் அந்த வழியாகத்தான் புறப்படுகிறேன். அந்த இடத்தில் பெடலில் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது.