ரமணர் ஆசிரமத்தில் வளர்ந்த கமலா

ஜவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கிறது திருவண்ணாமலை. 1896-ம் ஆண்டு, 16 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டை விட்டு அங்கே வந்து சேர்ந்தான். அவன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

ரமணர் மலை மேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலம். ஒரு பெண் நாய்க்குட்டி அங்கே வந்தது. ஆண்டுதோறும் குட்டி போட்டு ஆசிரமத்தையே நிரப்பிவிடுமே என்று அடியார்கள் பயந்தார்கள், விரட்டினார்கள். குட்டி போக மறுத்துவிட்டது. கமலா என்ற பெயருடன் அங்கேயே வளர்ந்தது.

ரமணர் எந்தப் பிராணியையும் "அது" என்று சொல்லமாட்டார். அவன், அவள் என்பார். சாப்பாட்டு வேளையில் முதல் சோறு நாய்களுக்கு. அடுத்தது பிச்சைக்காரர்களுக்கு. கடைசியில்தான் அடியார்களுக்கு.

கமலா முதல் முறை குட்டி போட்டாள். வீட்டுப் பெண்ணுக்குச் செய்வதுபோல் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டார்கள். சுத்தமான இடத்தில் 10 நாள் குட்டிகளோடு இருந்தாள். 10-வது நாள் விருந்து நடந்தது!

விரட்டப்பட்ட அந்தக் குட்டி பிறகு என்ன செய்தது, தெரியுமா? ஆசிரமத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டும்படி ரமணர் கமலாவிடம் சொல்வார். அவளும் முன்னே நடந்து குளம், கோவில் எல்லாம் காட்டி வருவாள்.

ரமணர் 1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி காலமானார். அடிவாரத்து ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் ஒரு சமாதி இருக்கிறது.

நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டியது இதுதான்: பெயர் சொல்லி அழையுங்கள், வேளைக்குச் சோறு போடுங்கள், குட்டி போட்டால் சுத்தமான இடம் கொடுங்கள்.