காயப்பட்ட பின்னும் காயங் கட்டியவர்

விளையாட்டு வீரர் பலரின் புகழ் மைதானத்தோடு நின்றுவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிய ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகஞ் செய்கிறோம். அயர்லாந்தின் றகர் வீரரும் வைத்தியருமான தோமஸ் கிறீன் என்பவரே அவர்.

1873ஆம் ஆண்டு டப்ளின் நகரிற் பிறந்த இவர், யேசு சபைக் குருமாரின் குளொங்கோஸ் வூட் கல்லூரியிற் பயின்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், அதற்கேற்ற உடற்பலம். அப்பலம் எதற்கு உதவும் என்பது 18ஆவது வயதிலேயே தெரிந்தது. 1891இல் டப்ளினுக்கு அண்மையிலுள்ள பிளாக்றொக் கடலில் ஒரு மாணவன் மூழ்கித் தத்தளித்தான். கிறீன் நீந்திச் சென்று அவனைக் கரைசேர்க்க உதவினார். இதற்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

பின்னர் டப்ளினில் வைத்தியம் படித்துக்கொண்டே றகர் ஆடினார். 1894இல் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளையும் அயர்லாந்து முதன்முறையாக ஒரே பருவத்தில் வென்றபோது, அந்த அணியில் கிறீனும் இருந்தார். அயர்லாந்துக்காக அவர் ஆடிய சர்வதேசப் போட்டிகள் 9. 1896இல் பிரித்தானியத் தீவுகளின் அணியோடு தென்னாபிரிக்கா சென்றார். 21 ஆட்டங்களில் அவ்வணி தோற்றது ஒன்றில் மட்டுமே.

சுற்றுப்பயணம் முடிந்தபின் கிறீன் ஊர் திரும்பவில்லை. யொகான்னஸ்பேர்க்கில் வைத்தியராகப் பணியாற்றினார். 1899இல் போயர் யுத்தம் மூண்டதும் சாதாரண போர்வீரராகவே படையிற் சேர்ந்தார். பின்னர் அப்படையின் வைத்திய அதிகாரியானார்.

1901 டிசம்பர் 18ஆந் திகதி, டைகர்குளூவ் என்னுமிடத்திற் கடுஞ்சமர். எதிரி 150 யார் தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குண்டுமழையின் நடுவே, விழுந்து கிடந்தவர்களுக்குக் கிறீன் காயங் கட்டினார். அவர்மீதும் குண்டு பாய்ந்தது. ஆயினும் பணியை விடவில்லை. இரண்டாவது குண்டு பட்டுச் சாய்ந்த பின்னரே கைகள் ஓய்ந்தன. இறந்துவிடுவார் என்றே எல்லோரும் எண்ணினர், ஆனாற் பிழைத்தார். 1902இல் மன்னர் ஏழாம் எட்வேட் அவருக்கு விக்டோரியாச் சிலுவையை அணிவித்தார். அவரோடு தென்னாபிரிக்கா சென்று ஆடிய றொபேட் ஜோன்ஸ்ரனும் 1899இற் புரிந்த வீரச்செயலுக்காக இதே விருதைப் பெற்றவர்.

முதலாம் உலகப் போரிலும் கிறீன் வைத்தியராகச் சேவை புரிந்து, 1915இல் மற்றொரு விருதும் பெற்றார். ஆனால் அவரது இறுதிக் காலம் இன்பமாயிருக்கவில்லை. உடல்நலங் குன்றியது, இலண்டனில் நடத்திய வைத்தியத் தொழிலும் நொடிந்தது, கடன் தொல்லை சூழ்ந்தது. 1923 மார்ச் 25இல், 50 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையிற் கண்மூடினார். கென்சல் கிறீன் கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

வாசகர்களே, விருதுகள் அவரை வறுமையிலிருந்தோ நோயிலிருந்தோ காப்பாற்றவில்லை. ஆனால் கடலிலும் போர்க்களத்திலும் அவர் கை நீட்டியபோது வெகுமதியை எண்ணி நீட்டவில்லை. உங்கள் பிள்ளைகள் மைதானத்தில் உடலை வளர்க்கும்போது, அந்த வலிமை யாருக்காக என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.